வீட்டுக்கோழிக்குச் சீக்கு வந்தால்: தொடக்கக்காரர்களுக்கான செய்முறை

நாலைந்து நாட்டுக்கோழி வாங்கிப் புதிதாக வளர்க்கத் தொடங்கியிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலிருந்தே செய்யத் தொடங்குங்கள்.

படி 1: திறக்கும்போது பாருங்கள்

பஞ்சாரத்தைத் தூக்கியதும் நல்ல கோழி பாய்ந்து இரைக்கு ஓடும். இறகை உப்பிக்கொண்டு, கண் செருகி, ஓரமாக நிற்பதுதான் சீக்குக்கோழி. அடுத்து எச்சத்தைப் பாருங்கள். பழுப்பாகத் திரண்டு, மேலே கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் நல்லது. அந்த வெள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கோழியின் சிறுநீர் உப்பு.

படி 2: உடனே பிரித்து வையுங்கள்

என்ன நோய் என்று யோசிப்பதெல்லாம் பிறகு. தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ச் சட்டி. நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே சீக்குக்கோழியிடம் போங்கள். வந்ததும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 3: அடையாளம் காணுங்கள்

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சிழுத்து, சில கோழிகளுக்குக் கழுத்தும் திருகிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகப்படுங்கள். ராணிக்கெட் என்பதும் இதுதான். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு குணப்படுத்த மருந்தில்லை.

குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் ரத்தக்கழிச்சல். தரை ஈரமாக இருந்தால் பெருகும். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம், அளவை டாக்டரிடம் கேளுங்கள். கூடவே ஈரத் தவிட்டையும் உமியையும் அள்ளி வெளியே கொட்டுங்கள்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரிக் கொப்புளம் வந்தால் அம்மை. கொசுவும் பரப்பும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாம். வாய்க்குள் புண் பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். முகம் வீங்கி மூக்கில் நாற்றமெடுத்த சளி வந்தாலும் அப்படியே.

படி 4: தடுப்பு மருந்து

வெள்ளைக்கழிச்சலுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. 4ஆம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து. 8ஆம் வாரம் இறக்கையடியில் ஊசி, அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து. குஞ்சை உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்து, சொட்டு விட்டதும் அது கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும்வரை விடாதீர்கள். இல்லாவிட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். கரைத்ததைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். ஒரு குப்பி நிறையக் கோழிக்கு வரும் என்பதால், தெருவில் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள்.

படி 5: செத்ததும், புதிதாக வந்ததும்

செத்த கோழியை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சீக்குக்கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், இன்னொரு வீட்டுத் தொழுவத்துக்கு நோயை அனுப்புகிறீர்கள். காரணம் தெரியாமல் ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.

சந்தையில் வாங்கிய ஒரு சேவலை நான் அன்றைக்கே கூட்டத்தோடு விட்டேன். ஐந்தாம் நாள் கழிச்சல் தொடங்கியது. 14 கோழியில் மிஞ்சியவை 2. அதிலிருந்து, புதிதாக எந்தக் கோழி வந்தாலும் எங்கள் வீட்டில் 21 நாள் கொல்லையில் தனிப் பஞ்சாரத்தில்தான்.