கடற்காற்றில் ஒரு பென்டியம் த்ரீ

குளச்சலில் என் டிடிபி கடையிலிருந்து நாலு தெரு தள்ளினால் கடல். கடையில் இன்னமும் பென்டியம் த்ரீ பிராசசர் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்த கல்யாணக் கார்டும் பங்குத் திருவிழா நோட்டீசும் அதில்தான் ஒழுங்காகத் திறக்கும்.

நம்மூரில் இந்தப் பெட்டிகளைக் கெடுப்பது வயசைவிட உப்புதான். ஆன் செய்ததும் படம் வராமல் பீப் பீப் என்று கத்தினால், மதர்போர்டு போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருதரம் அழுத்திவிட்டு ரேமை (மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டையை) கழற்றுங்கள். அடியில் தங்க நிறப் பல்வரிசை மங்கிப்போயிருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பெட்டிக்கு வெளியே தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அதைச் செருகும் ஸ்லாட்டுக்கு சின்ன பெயின்ட் பிரஷ் போதும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் எனக்கு இது மாசாமாசம் உள்ள வேலை. பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

சரி, ரேம் கூட்டலாமா? கூட்டலாம், பார்த்து வாங்க வேண்டும். என் மதர்போர்டில் உள்ள சிப்செட், அதாவது பிராசசரையும் ரேமையும் இணைக்கும் சிப், இன்டெல் 440 பிஎக்ஸ். நாகர்கோவிலில் வாங்கிய 256 எம்பி ரேம் என் பெட்டியில் 128 என்று காட்டியது. கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன், பாவம். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் உள்ள 256-ஐ இந்தச் சிப்செட் பாதியாகத்தான் படிக்கும். இரு பக்கமும் எட்டெட்டு, ஆக 16 சிப் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள். விண்டோஸ் 98 என்றால் 512 எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் முரண்டு பிடிக்கும்.

ஹார்ட் டிஸ்க் கரகரத்தால் அன்றைக்கே ஃபைல்களை நகலெடுங்கள். அப்புறம் அதற்குப் பதிலாக, பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளில் மாட்டும் ஐடிஇ அடாப்டரில் 8 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டு போடலாம். பழைய பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு புரோகிராம்) சிலது 32 ஜிபிக்கு மேல் உள்ள டிஸ்க்கைக் கண்டால் அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டரில் தேதி பின்னால் போனால் மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் (இது வேறு உப்பு) சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வாரம் ஒருநாள் அரைமணி நேரமாவது ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போகும். பின்பக்கம் தகடில்லாத ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். போன ஆடியில் திறந்து பார்த்தால் சவுண்ட் கார்டின் மேல் இரண்டு பல்லி முட்டை.