சஃபாரி வண்டியிலிருந்து விலங்குகளைப் படம் எடுப்பது எப்படி? (மசாய் மாராவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு)

ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தெரியாவிட்டால் மொட்டை மாடியில் காக்கைகளைப் படம் எடுத்துப் பழகிவிட்டு வாருங்கள். கறுப்பு நிறத்துக்கு எக்ஸ்போஷர் வைக்கக் காக்கையிடம் கற்றுக்கொண்டால் காட்டெருமையின் முன்னால் தடுமாற வேண்டியிருக்காது. விசா, தடுப்பூசி, விமான டிக்கெட் எதுவும் இந்தப் பதிவில் இல்லை. கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவை வைத்துச் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவின் செரங்கெட்டிக்குப் போனாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

படி 1: முதலில் வண்டி, பிறகு லென்ஸ்

புதிய லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வண்டிக்குத் திருப்பிவிடுங்கள். ஒரே வண்டியில் ஆறேழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் பக்கத்தில் இருப்பவரின் தொப்பியைத்தான் படம் எடுக்கும். முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: வண்டி லேண்ட் குரூசரா, வேனா? ஒவ்வொருவருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? ஜன்னல் கண்ணாடி முழுவதும் திறக்குமா? மாராவில் பல இடங்களில் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் போதும், வேன்கள் சக்கரம் புதைந்து நின்றுவிடும்.

லென்ஸைப் பொறுத்தவரை என் கட்சி ஜூம் கட்சி. 100-400 அல்லது 150-600 மி.மீ. போதும். 600 மி.மீ. ஒற்றைக் குவிய (ஜூம் செய்ய முடியாத) லென்ஸைத் தூக்கி வருகிறவர்கள், யானை வண்டியை உரசிக்கொண்டு போகும்போது அதன் கண் இமையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். முடிந்தால் இரண்டாவது கேமரா ஒன்றில் சிறிய லென்ஸை மாட்டி வையுங்கள். மண்சாலைப் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாற்றவே கூடாது.

முக்காலி வேண்டாம். வண்டிக்குள் அதை விரிக்க இடமில்லை. காலியான துணிப்பை ஒன்றைக் கொண்டு போய், நைரோபியில் அரிசியோ பீன்ஸோ வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பிலும் கூரை விளிம்பிலும் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதி. அப்படியானால் பையைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போய், தங்கும் முகாமின் சமையற்கட்டில் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

புழுதிக்குப் பிளாஸ்டிக் பையைச் சுற்றலாம் என்று நினைக்காதீர்கள். கென்யா 2017-லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது. பழைய தலையணை உறை அதைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

படி 2: முதல் நாள் இரவே கேமராவை அமைத்துவிடுங்கள்

மேனுவல் முறை, ஆட்டோ ஐஎஸ்ஓ. அப்பர்ச்சரை லென்ஸ் அனுமதிக்கும் அளவு திறந்து விடுங்கள். பிறகு கையில் இருப்பது ஷட்டர் வேகம் ஒன்றுதான். படுத்திருக்கும் சிங்கத்துக்கு 1/500, நடக்கும் விலங்குக்கு 1/1000, ஓடும் சிவிங்கிப்புலிக்கு 1/2500. ஐஎஸ்ஓ 6400-க்குப் போனாலும் பயப்பட வேண்டாம். புள்ளி புள்ளியாகத் தெரிவதை மென்பொருள் சரிசெய்துவிடும். அசைந்த படத்தை எதுவும் சரிசெய்யாது.

காட்டெருமை பிரேமை நிறைத்து நின்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையுங்கள். அதன் முதுகில் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கொக்கு வெறும் வெள்ளைக் கறையாகிவிடும். ரா (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக்) கோப்பாக எடுத்தால் எருமையின் இருட்டிலிருந்து விவரத்தை மீட்டுக்கொள்ளலாம்.

விலங்கின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி வெட்டவெளியில் அற்புதம். உயரமான புல் குறுக்கே வந்தால் அது புல்லைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு ஒரே பொத்தானில் மாறும்படி அமைத்து, இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை மாற்றிப் பாருங்கள்.

படி 3: இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்

ஊர் திரும்பிப் பெரிய திரையில் பார்த்தால் பாதிப் படங்கள் மங்கல். உடனே லென்ஸைத் திட்டத் தோன்றும். நான் நெடுநாள் மாட்டிக்கொண்டு விழித்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். மங்கலில் மூன்று வகை இருக்கிறது. களத்திலேயே, கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

விலங்கு, புல், பின்னால் இருக்கும் மரம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, மீசை மயிர் ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? வண்டி அசைந்திருக்கிறது. டீசல் இன்ஜின் ஓடும்போது அதன் நடுக்கம் கூரைக் கம்பி, பீன்ஸ் பை எல்லாவற்றையும் தாண்டி லென்ஸுக்கு வந்து சேர்கிறது. வண்டி நின்றதும் இன்ஜினை அணைக்குமாறு முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் சலிப்பு, உங்களுக்கும் நேரம் வீண். இன்ஜின் நின்ற பிறகும் ஆள் அசைவு இருக்கும். பின்னிருக்கைக்காரர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தாலே வண்டி ஸ்பிரிங்கில் ஆடும். படம் எடுக்கிறவர் “எடுக்கிறேன்” என்றால் மற்றவர்கள் அப்படியே உறைந்துவிட வேண்டும் என்று வண்டிக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கத்தின் முகம் மங்கல், முன்னால் உள்ள புல் மட்டும் கூர்மை என்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. அதற்கான மருந்தை, ஒற்றைப் புள்ளி ஃபோகஸை, படி 2-லேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்பும். ஷட்டர் 1/2000, இன்ஜின் இல்லை, யாரும் அசையவில்லை; இருந்தும் படத்தில் ஓர் இடம்கூடக் கூர்மையாக இல்லை, விலங்கின் விளிம்பு நெளிகிறது. அது கானல். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கிறது. வெயில் நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கே தொடங்கிவிடும். நீளமான லென்ஸ் போட்டால் விலங்கு பெரிதாவதுபோல் கானலும் பெரிதாகும். இதற்குச் சாதனம் எதுவும் கிடையாது. கிட்டே போக வேண்டும், அல்லது சீக்கிரம் கிளம்ப வேண்டும். பகல் 11 மணிக்கு நூற்றைம்பது மீட்டரில் கறையான் புற்றின் மேல் சிவிங்கிப்புலி நிற்கிறதா? சமவெளியோடு சேர்த்துச் சிறியதாக எடுத்து வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் ரசியுங்கள்.

படி 4: ஒளி எந்தப் பக்கம்?

மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறிவிடும். ஆறரை மணி வாக்கில் உதித்தால் எட்டரைக்குள் மென்மையான ஒளி போய்விடுகிறது. முகாமில் சாவகாசமாகக் காலை உணவை முடித்துவிட்டுக் கிளம்புவது படம் எடுக்க வந்தவர்களுக்கு ஆகாத காரியம். உணவைக் கட்டித் தரச் சொல்லி, ஆறு மணிக்கு வெளியே இருங்கள்.

விலங்கைக் கண்டதும் நேராக அதை நோக்கி விரட்ட வேண்டாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி சுற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நல்ல ஓட்டுநர் சொல்லாமலே செய்வார். காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கவும் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும். விதியை மீறச் சொல்லிப் பணத்தை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டினால் அபராதமும் அவமானமும் ஓட்டுநருக்கு. பாதையை விட்டு இறங்கியே தீர வேண்டும் என்றால் மாரா நார்த், நபோய்ஷோ போன்ற தனிக் காப்புநிலங்களில் தங்குங்கள். அங்கே அதற்கு அனுமதி உண்டு, செலவு கூடுதல்.

இன்னொன்று: திறந்த கூரையில் எழுந்து நின்று எடுப்பது எல்லோருக்கும் பிடிக்கும். அங்கிருந்து பார்த்தால் விலங்கின் முதுகும் தரைப் புல்லும்தான் தெரியும். உட்கார்ந்து ஜன்னல் வழியாக எடுங்கள். சிங்கத்தின் கண்ணும் உங்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும், பின்னணி தொலைவுக்குப் போய்க் கரைந்துவிடும்.

படி 5: அடுத்து என்ன செய்யும் என்று கவனியுங்கள்

தூங்கும் சிங்கத்தை நூறு படம் எடுத்துக் கார்டை நிரப்பாதீர்கள். அது கொட்டாவி விட்டால் தயாராகுங்கள். ஒன்றோடு நிற்காது, அடுத்தடுத்து வரும், பெரும்பாலும் அதன் பிறகு எழுந்துகொள்ளும். நம்மூர்ப் பனங்காடைக்கு அங்கே இளஊதா நெஞ்சுடைய உறவுக்காரப் பறவை இருக்கிறது. அது எச்சமிட்டு முன்னால் குனிந்தால் பறக்கப் போகிறது என்று பொருள். தவறவிட்டால் அங்கேயே காத்திருங்கள், பல நேரம் அதே கிளைக்குத் திரும்பி வரும்.

பின்சேர்க்கைகள்

இன்ஜினை அணைத்தும், காலைக் குளிரிலேயே படம் நெளிகிறது என்று பலர் எழுதிவிட்டீர்கள். பானெட்டுக்கு மேலாக எடுத்தீர்களா என்று பாருங்கள். ஓடி வந்த இன்ஜினின் சூடு அங்கே தனிக் கானலை உண்டாக்கும். பக்கவாட்டில் எடுங்கள்.

சார்ஜர்: கென்யாவில் பிரிட்டிஷ் வகை, தட்டையான மூன்று கால் பிளக். நம் பிளக் சேராது, அடாப்டர் வேண்டும். சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் முகாம்களில் சார்ஜ் செய்யக் குறிப்பிட்ட நேரம்தான் தருவார்கள், ஆகவே கூடுதல் பேட்டரியும் எடுத்துச் செல்லுங்கள்.

உடை: நீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈக்களை அந்த நிறங்கள் இழுக்கும், கடி சட்டையைத் தாண்டி வரும்.

ட்ரோன் கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் விமான நிலையத்திலேயே சுங்கத்துறை வாங்கி வைத்துக்கொள்ளும்.