புது வீட்டுக்கு முழுவீட்டு ஸ்பீக்கர் ஒயரிங்: ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

ரூஃப் கான்கிரீட்டுக்குத் தேதி குறித்தாகிவிட்டதா? அப்படியானால் எந்தக் கம்பெனி ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட் என்ற விசாரணையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் பைப்பைக் கவனியுங்கள். ஸ்பீக்கரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒயரைக்கூட உருவிவிட்டுப் புதிதாக இழுக்கலாம். ஸ்லாபுக்குள் புதைந்த பைப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

செங்கல் சுவரும் ஆர்.சி.சி. ரூஃபும் உள்ள நம் ஊர் வீட்டை வைத்துத்தான் சொல்கிறேன். அமெரிக்க வீடியோக்களில் மரச்சட்டச் சுவருக்குள் ஒயரை இழுத்து கிளிப் அடித்துவிட்டு ஜிப்சம் பலகையால் மூடிவிடுவார்கள். அந்த முறை இங்கே எடுபடாது.

படி 1: எங்கே எத்தனை

கீழும் மேலுமாக உள்ள ஒரு மூன்று பெட்ரூம் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹால் 2, கிச்சன்-டைனிங் 2, கீழ் பெட்ரூம் 2, மேல் பெட்ரூம் 2, பால்கனி 2, பாத்ரூம் 1. மூன்றாவது பெட்ரூமுக்கு இப்போதைக்குக் காலி பைப் மட்டும் போதும்.

10 அடி உயர ரூஃபில், சோபாவில் உட்கார்ந்தவரின் காது ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கும். மீதி 6 அடி. 90 டிகிரி விரிவுள்ள சீலிங் ஸ்பீக்கர் அந்தத் தூரத்தில் 12 அடி விட்டத்தை நிரப்பும். அதனால் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே 8 முதல் 10 அடி விடுங்கள், சுவரிலிருந்து 2 அடி தள்ளுங்கள். ஃபேன் நடுவிலிருந்து குறைந்தது 3 அடி விலக வேண்டும். இறக்கை சுற்றும் வட்டத்துக்கு மேலே ஸ்பீக்கர் வந்துவிட்டால், ஃபேன் ஓடும்போதெல்லாம் பாட்டு நடுங்கிக்கொண்டே கேட்கும். எலக்ட்ரிக்கல் டிராயிங்கில் ஃபேன் பாயிண்ட்டைக் குறிக்கும்போதே ஸ்பீக்கரையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள்.

பாத்ரூமில் ஒரே ஸ்பீக்கர் போதும், ஆனால் இரண்டு ட்வீட்டரும் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இரட்டை வாய்ஸ் காயிலும் (ஸ்பீக்கரின் கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) உள்ள ஸ்டீரியோ வகை வேண்டும். அதற்கு 4 கோர் ஒயர் (உள்ளே நான்கு தனிக் கம்பி) போக வேண்டும் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். கிச்சனில் அடுப்புக்கும் சிம்னிக்கும் பக்கத்தில் வேண்டாம். எண்ணெய்ப் புகை கோனில் பிசுக்காகப் படியும்.

6.5 இஞ்ச் சீலிங் ஸ்பீக்கருக்கு 3 முதல் 4 இஞ்ச் ஆழம் தேவை. அதனால் ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஸ்லாபுக்கும் இடையே 6 இஞ்ச் விடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்கே போடாத அறையில் சுவரில் பிராக்கெட் வைத்து மாட்டும் பெட்டி ஸ்பீக்கர்தான். ஸ்பீக்கருக்காக ஸ்லாபைக் குடையலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

படி 2: எல்லா ஒயரும் ஒரே இடத்துக்கு

ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் தனி ஒயர் நேராக ரேக்குக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயர் இருக்கும் இடத்துக்கு, வர வேண்டும். லைட் பாயிண்ட் மாதிரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லூப் அடித்தால் அறைவாரியாகக் கட்டுப்படுத்த வழியில்லாமல் போகும். ரேக்குக்குக் காற்றோட்டமுள்ள ஒரு அலமாரி போதும். அதற்கு டி.பி.யிலிருந்து (வீட்டின் மின் லைன்கள் பிரியும் பெட்டி) தனி லைன் ஒன்று, சாக்கெட் நான்கு, இணைய ரௌட்டருக்கு இடம். இன்வெர்ட்டர் லைனைக் கொடுப்பதானால் அது ப்யூர் சைன் வேவ் ஆக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கரண்ட் கட் ஆனதும் ஸ்பீக்கரெல்லாம் இரைய ஆரம்பித்துவிடும்.

படி 3: பைப் (அவசரப்படாமல் செய்யுங்கள்)

25 மி.மீ. பி.வி.சி. கண்ட்யூட், மீடியம் அல்லது ஹெவி. 20 மி.மீ. வேண்டாம், லைட் வகையும் வேண்டாம். கம்பி மேல் ஆள் நடக்கும்போதே நசுங்கிவிடும். 25 மி.மீ. பைப்பின் உள்விட்டம் ஏறத்தாழ 21-22 மி.மீ.தான். பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற கணக்குப்படி 2.5 ஸ்கொயர் எம்.எம். இரண்டு கோர் கேபிள் இரண்டு வசதியாகப் போகும். ஆக ஒரு அறைக்கு ஒரு பைப். வால்யூம் கீபேடுக்கு கேட் 6 (நெட்வொர்க் கேபிள்) வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு பைப்.

இந்த வேலையைக் கெடுப்பது சிமெண்ட் பால். காலையில் கான்கிரீட் ஏறும், வைப்ரேட்டர் ஓடும், சரியாக ஒட்டாத ஒரு ஜாயிண்ட் வழியாக சிமெண்ட் பால் உள்ளே இறங்கும், மறுநாள் பார்த்தால் பைப்புக்குள் கல். மேலிருந்து பார்க்க ஒன்றுமே தெரியாது. மூன்று மாதம் கழித்து ஒயர் இழுக்கும்போதுதான் 4 அடியில் முட்டி நிற்கும். தடுக்கும் வழிகள் இவை:

ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் பைப்பின் வெளிப்புறம் முழுக்கச் சுற்றிலும் சொல்யூஷன் தடவி, காலர் (இரண்டு பைப்பை இணைக்கும் குழல்) அடிவரை தள்ளி ஒட்டுங்கள். ‘சும்மா சொருகினாலே இறுக்கமா இருக்கு சார்’ என்பதை ஏற்க வேண்டாம். எல்போ போடாதீர்கள். ஸ்பிரிங் விட்டு வளைத்த நீள பெண்ட் போடுங்கள், ஒரு பைப்பில் அதிகபட்சம் இரண்டு. மூன்றாவது தேவைப்பட்டால் நடுவில் ஒரு டீப் பாக்ஸ் (ஆழமான ஜங்ஷன் பாக்ஸ்).

பைப் கீழ்க்கம்பிக்கு மேலே உட்கார வேண்டும், மேல்கம்பி இருக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். சென்ட்ரிங் ஷீட்டின் மேல் நேராகப் படுக்கக் கூடாது. 3 அடிக்கு ஒரு முறை கட்டுக் கம்பியால் கட்டுங்கள். 5 இஞ்ச் ஸ்லாபில் ஒரு பைப் மேல் இன்னொன்று ஏறினால் 50 மி.மீ. போய்விட்டது, அந்த இடத்தில் கான்கிரீட்டே இல்லாத மாதிரிதான். ரேக்குக்கு மேலே எல்லாப் பைப்பும் கட்டாகக் கூடும் இடம்தான் முதலில் விரிசல் விடும், அங்கே மூன்று விரல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள்.

230 வோல்ட் லைன் போகும் பைப்பில் ஸ்பீக்கர் ஒயர் போகவே கூடாது. இது இரைச்சலுக்காக மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் இணையாக ஓடினால் 1 அடி விலக்குங்கள், குறுக்கே கடந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஸ்லாபில் பைப் வந்து முடியும் ஒவ்வொரு பாக்ஸுக்குள்ளும் தெர்மாகோல் அடைத்து டேப் ஒட்டுங்கள், பைப் முனைகளுக்கு மூடி. ஒவ்வொரு பைப்பிலும் ஒரு ஜி.ஐ. கம்பியை முன்பே விட்டு வையுங்கள். கான்கிரீட் போடும்போதும் அன்று மாலையும் ஒரு ஆள் ஒவ்வொரு கம்பியையும் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கட்டும். உள்ளே பால் இறங்கியிருந்தால் கம்பி கனக்கும், நுனி சாம்பல் நிறச் சகதியோடு வரும். அது இறுகுவதற்குள் தண்ணீர் விட்டுத் துணியைக் கட்டி இழுத்தால் பைப் தப்பிக்கும். ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று விட்டால் போயிற்று.

கான்கிரீட்டுக்கு முந்தைய நாள், டேப்பை விரித்து வைத்து ஒவ்வொரு பாக்ஸையும் இரண்டு சுவரிலிருந்தும் அளந்து போட்டோ எடுங்கள். ஃபால்ஸ் சீலிங்காரர் ட்ரில் செய்ய வரும்போது அந்தப் போட்டோ கையில் இருக்க வேண்டும்.

படி 4: ஒயர்

கணக்கு எளிது. போய்வரும் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் ஓம்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம்ஸ். 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் 15 மீட்டர் வரை தாங்கும், 2.5 ஆனால் 25 மீட்டர் வரை. 4 ஓம்ஸ் என்றால் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வீடு முழுக்க 2.5 வாங்கிவிடுவது குழப்பமில்லாதது.

மேலே சொன்ன வீட்டில் ரேக்கிலிருந்து தூரம்: ஹால் 9 + 11, கிச்சன் 14 + 16, கீழ் பெட்ரூம் 12 + 14, மேல் பெட்ரூம் 18 + 20, பால்கனி 19 + 21. மொத்தம் 154 மீட்டர். ஒவ்வொரு ஒயருக்கும் ரேக் பக்கம் 2, ஸ்பீக்கர் பக்கம் 1 மீட்டர் மிச்சம் விட்டால் 184. ஆக 100 மீட்டர் காயில் இரண்டு. பாத்ரூமுக்குத் தனியாக 4 கோர் 20 மீட்டர்.

சாதாரண ஹவுஸ் ஒயரை இரண்டு நிறத்தில் இழுத்தால் என்ன என்று கேட்பார்கள். மின்சாரத்துக்கு வித்தியாசம் தெரியாது, பாட்டும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் வேண்டாம் என்பேன். ஐந்து வருஷம் கழித்து வரும் எலக்ட்ரீஷியன் அதைக் கரண்ட் லைன் என்று நினைத்துக் கனெக்ட் செய்துவிடுவார். மேலுறையுள்ள இரண்டு கோர் கேபிள், வீட்டில் வேறெங்கும் இல்லாத நிறத்தில் வாங்குங்கள்.

விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால் அது சி.சி.ஏ., அதாவது செம்பு பூசிய அலுமினியம். ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். காயிலைத் தூக்கிப் பார்த்தாலும் தெரிந்துவிடும், காற்றாக இருக்கும்.

படி 5: இழுத்தல், சோதித்தல்

பூச்சு வேலை முடிந்த பிறகு, பெயிண்ட்டுக்கு முன் இழுங்கள். பைப்புக்குள் விட்டு ஒயரை இழுக்க நைலான் ஸ்பிரிங் என் தேர்வு. ஸ்டீல் வகை பெண்ட்டில் பைப்பைச் சுரண்டும். ஒயர் வழுக்க டால்கம் பவுடர் போதும், எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். பைப்புக்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது. இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள்: ‘கிச்சன் இடது’, ‘கிச்சன் வலது’.

அடுத்து மல்டிமீட்டர். இரண்டு முனையும் திறந்திருக்கும்போது கோர்களுக்கு இடையே ரீடிங் எதுவும் வரக் கூடாது. ஒரு முனையை முறுக்கி ஷார்ட் செய்தால் 20 மீட்டருக்கு 0.3 ஓம்ஸ் அருகில் காட்ட வேண்டும். மீட்டரின் புரோபுகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங் பலகை ஏற்றிய பிறகு இதே சோதனை மறுபடியும். ஒரு ஸ்க்ரூ ஒயரைத் துளைத்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

ஸ்பீக்கர் மாட்டியதும் போலாரிட்டி. ரேக் முனையில் ஒரு 1.5 வோல்ட் ஏஏ பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ் சிவப்பில், மைனஸ் கறுப்பில். ஏணியில் நிற்பவர் கோனைப் பார்க்கட்டும். ‘டப்’ என்று வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் ஒயர் மாறியிருக்கிறது. ஜோடியில் ஒன்று மட்டும் தலைகீழானால் பேஸ் காணாமல் போகும். ஸ்பீக்கர் மட்டம் என்று திருப்பிக் கொடுக்கப்படும் பல ஸ்பீக்கரில் கோளாறு இவ்வளவுதான்.

படி 6: ஆம்ப்ளிஃபயர்

அறைக்கு ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் ஆம்ப் (நெட்வொர்க் வழியாகப் பாட்டை எடுத்துப் பாடும் ஆம்ப்ளிஃபயர்) வைப்பதே என் விருப்பம். ஒன்று கெட்டாலும் மற்ற அறைகள் பாடும். கையாலேயே அமைத்துக்கொள்ள ஆசையிருந்தால் ராஸ்பெர்ரி பை (கையடக்கச் சின்ன கம்ப்யூட்டர்), ஸ்நாப்காஸ்ட் (எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் பாட வைக்கும் மென்பொருள்) இரண்டையும் தேடிப் பாருங்கள். செலவு குறைக்க ஒரே சேனலில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம்ஸ் ஆகும், பல ஆம்ப்கள் அதைத் தாங்கும். மூன்றாவதைச் சேர்த்தால் 2.7 ஓம்ஸ். ஆம்ப் சூடாகி ப்ரொடெக்ஷனில் நின்றுவிடும்.

பிறகு சேர்த்தவை

ரூஃப் ஏற்கெனவே போட்டாயிற்று என்பவர்களுக்கு: ஃபால்ஸ் சீலிங் வருமானால் ஸ்லாபின் அடியில் கிளாம்ப் அடித்துப் பைப்பை ஓட்டுங்கள், ஒன்றும் குறையாது. வராதென்றால் பூச்சுக்கு முன் சுவரில் செங்குத்தாகக் காடி வெட்டி, 7 அடி உயரத்தில் சுவர் ஸ்பீக்கர். நாலரை இஞ்ச் சுவரில் படுக்கைவாக்கில் நீளமாக வெட்ட விடாதீர்கள்.

எலித் தொல்லை உள்ள வீட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஒயரை வெறுமனே போட வேண்டாம். பாக்ஸிலிருந்து ஸ்பீக்கர் வரை ஃப்ளெக்ஸிபிள் பைப் போட்டு, பாக்ஸ் மூடியைத் திருகி மூடுங்கள்.

டிவியை இணைத்தால் மட்டும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் ஒயரிங்கைச் சந்தேகிக்கும் முன் செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே கரண்ட் சுற்றுவது. டிவிக்கும் ஆம்ப்புக்கும் இடையே ஆப்டிகல் கேபிள் போட்டால் தீர்ந்துவிடும். அதற்காக ஆம்ப்பின் எர்த் பின்னை மட்டும் யாரும் பிடுங்கிவிடாதீர்கள்.