கமிட் செய்தி: நிரல் சொல்லாததை எழுதும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் பங்களித்துவந்த ஒரு திறந்த மூலத் திட்டத்தில், பயனரின் அமைப்புகளைச் சேமிக்கும் பகுதி மெதுவாக இயங்குவதைக் கண்டு, அதற்குக் காரணமான ஒரே ஒரு வரியைத் தேடிப் பிடித்தேன். கோப்பின் உள்ளடக்கம் வட்டில் எழுதி முடியும்வரை நிரலைக் காத்திருக்கச் செய்யும் எஃப்சிங்க் அழைப்பு அது. ஏன் சேர்த்தார்கள் என்று அறிய, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்ற கருவியில், ஒவ்வொரு வரியும் எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை இயக்கினேன். அந்த வரியைச் சேர்த்த கமிட்டோடு, அதாவது கிட்டில் பதிவான அந்த மாற்றத்தோடு, இருந்த செய்தி, ‘சேமிப்பில் சிறு திருத்தம்’ என்பது மட்டும்தான். காரணம் எதுவும் இல்லாததால் தேவையும் இல்லை என்று முடிவுசெய்து வரியை நீக்கினேன். மறுஆய்வு செய்தவரும் ஏற்றுக்கொண்டார். அடுத்த வெளியீட்டுக்குப் பிறகு, மின்தடை ஏற்பட்டு கணினி மீண்டும் இயங்கியபோது அமைப்புகள் கோப்பு வெறுமையாக இருந்ததாகப் பயனர்களிடமிருந்து புகார்கள் வரத் தொடங்கின. முதலில் எழுதியவர் நல்ல நிரலைத்தான் எழுதியிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்த காரணம் எங்கும் பதிவாகவில்லை என்பதே சிக்கல்.

ஒரு மாற்றத்தில் எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்பதைக் கிட் தானே காட்டிவிடும். அதைச் செய்தியில் மறுபடியும் சொல்வதால் பயனில்லை. மாற்றத்துக்கு முன் நிரல் எப்படி நடந்துகொண்டது, அது யாரைப் பாதித்தது, இந்தத் தீர்வு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, வேறு எந்த வழிகள் பார்க்கப்பட்டுக் கைவிடப்பட்டன என்பவற்றைத்தான் நிரலைப் படித்து அறிய முடியாது. கமிட் செய்தியில் தலைப்புக்குக் கீழே வரும் உடல் பகுதி இவற்றுக்கானது. மேற்சொன்ன வரியை இன்று நான் சேர்ப்பதாக இருந்தால் இவ்வாறு எழுதுவேன்:

அமைப்புகள்: பெயர் மாற்றும் முன் கோப்பை வட்டில் எழுதி முடி

தற்காலிகக் கோப்பில் எழுதியவுடன் அதன் பெயரை மாற்றுகிறோம். பெயர் மாற்றம் வட்டை அடைந்து, உள்ளடக்கம் அடைவதற்குள் மின்சாரம் நின்றால், பயனருக்கு மிஞ்சுவது 0 பைட் கோப்பு.

பெயர் மாற்றும் முன் எஃப்சிங்க் அழைத்து இதைத் தவிர்க்கிறோம். ஒவ்வொரு சேமிப்பும் சற்றுத் தாமதமாகும். அமைப்புகளை அடிக்கடி சேமிப்பதில்லை என்பதால் அதை ஏற்கலாம்.

பழைய கோப்பின் நகலை வைத்துக்கொள்ளும் வழியையும் பார்த்தோம். எப்போது நகலிலிருந்து மீட்பது என்று முடிவுசெய்யும் நிரல் இதைவிடச் சிக்கலாகும் என்பதால் விட்டுவிட்டோம்.

இதில் தாமதத்தைப் பற்றிய வாக்கியமே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு தீர்வின் விலையை அதை எழுதியவரே ஒப்புக்கொண்டு பதிவுசெய்தால், பின்னாளில் அந்தத் தாமதத்தைக் கண்டு வருபவர், இது கவனக்குறைவால் நேர்ந்ததா, தெரிந்தே செய்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. வேகத்தைக் கூட்டும் மாற்றம் என்றால் எவ்வளவு கூடியது என்று அளந்த எண்ணையும், அளந்த முறையையும், அதற்காக நினைவகத்திலோ நிரலின் எளிமையிலோ எதை இழந்தோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான திட்டங்களின் வழக்கம் ஒன்றுதான். கிட்டின் கையேடு, 50 எழுத்துகளுக்கு மிகாத ஒரு சுருக்க வரி, அதன் கீழ் ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம் என்ற அமைப்பைப் பரிந்துரைக்கிறது. அந்த 50 என்பது ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்த அளவு. சற்றுக் கூடினால் குற்றமில்லை. ஆனால் வெற்று வரியை விட்டுவிடக் கூடாது. அதுவரை உள்ளதைத்தான் கிட் தலைப்பாக எடுத்துக்கொள்கிறது என்பதால், அது இல்லாவிட்டால் விளக்கமும் தலைப்போடு ஒட்டிக்கொண்டு சுருக்கப் பட்டியலில் நீண்டுகிடக்கும். தலைப்பை ‘சரிசெய்தேன்’, ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதாமல், ‘சரிசெய்’, ‘நீக்கு’, ‘சேர்’ என்று ஏவலாக எழுதுவது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருநிரல் உள்ளிட்ட பல திட்டங்களின் விதி. மாற்றப்பட்ட பகுதியின் பெயரை முன்னால் வைத்து முக்காற்புள்ளி இடுவதும் பரவலான வழக்கம். திட்டத்துக்குத் திட்டம் இவை சற்று மாறும் என்பதால், முதல் பங்களிப்புக்கு முன், நிரலும் அதன் வரலாறும் இருக்கும் அந்தத் திட்டத்தின் களஞ்சியத்தில் கடைசி இருபது, முப்பது கமிட்டுகளைப் படித்துவிடுங்கள்.

நல்ல செய்தியை எழுத முடியாமல் திணறினால் பெரும்பாலும் கோளாறு மொழியில் இல்லை, கமிட்டில் இருக்கிறது. தலைப்பில் ‘மேலும்’ என்ற சொல்லோ ‘பல்வேறு திருத்தங்கள்’ என்ற தொடரோ தேவைப்பட்டால், இரண்டு மூன்று மாற்றங்கள் ஒரே கமிட்டில் கலந்துவிட்டன என்று பொருள். கிட் ஆட் கட்டளையை ‘-பி’ (-p) தெரிவோடு இயக்கினால், ஒரே கோப்பில் உள்ள மாற்றங்களைக்கூடத் துண்டுதுண்டாகப் பிரித்து வெவ்வேறு கமிட்டுகளில் சேர்க்கலாம். இடைவெளிகளைச் சீராக்குவதும் மாறிகளின் பெயரை மாற்றுவதும் எப்போதும் தனிக் கமிட்டாகவே இருக்கட்டும். நூறு வரிப் பெயர் மாற்றத்துக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு நிபந்தனை மாற்றத்தை மறுஆய்வாளரின் கண் எளிதில் தவறவிடும். பிரிப்பதன் பயன் பிழை தேடும்போதும் தெரியும்: பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் கட்டளை, கமிட்டுகளின் பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவதால், ஏறத்தாழ 1,000 கமிட்டுகளுக்குள் இருக்கும் குற்றவாளியைச் சுமார் 10 சோதனைகளில் கண்டுபிடித்துவிடும். அது சுட்டும் கமிட் 20 வரி கொண்டதாகவும், ஒவ்வொரு கமிட்டும் இயங்கும் நிரலாகத் தனித்துத் தொகுக்கக்கூடியதாகவும் இருந்தால்தான் அந்த உழைப்பு பலிக்கும்.

பிழைகளைப் பதிவுசெய்யும் தளத்தில் உள்ள பிழை எண்ணை மட்டும் எழுதி, ‘விவரம் அங்கே’ என்று விட்டுவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். திட்டங்கள் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்கின்றன. பழைய இணைப்புகள் செத்துப்போகின்றன. கமிட் செய்தியோ களஞ்சியத்தை நகலெடுத்த ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கிறது. எண்ணைத் தாருங்கள், அங்கே நடந்த விவாதத்தின் சாரத்தை இரண்டு வாக்கியங்களில் இங்கேயும் எழுதுங்கள். வரலாறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் கருநிரலே சான்று. அதன் கிட் வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12-ஆர்சி2 பதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் எழுதப்பட்டு இன்றும் மாறாதிருக்கும் வரிகளுக்குக் கிட் பிளேம் இட்டால், அத்தனையும் அந்த ஒரே முதல் கமிட்டில் போய் முட்டி நிற்கும். அதே திட்டம் இன்று, முந்தைய கமிட் ஒன்றில் நுழைந்த பிழையைத் திருத்துபவர் அந்தக் கமிட்டுக்குக் கிட் தரும் நீண்ட அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளையாவது தலைப்போடு சேர்த்து ‘ஃபிக்சஸ்’ என்ற வரியில் குறிக்க வேண்டும் என்று கேட்கிறது. பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தத் திருத்தம் தங்களுக்குத் தேவை என்பதை அந்த வரியைக் கொண்டே தெரிந்துகொள்கிறார்கள்.

பயனர்களுக்கான மாற்றப் பட்டியல் வேறு எழுத்து. கமிட் தலைப்புகளை அப்படியே அள்ளி அதில் கொட்டுவது பயனரை மதிக்காத செயல் என்பேன். உள்ளே எந்தச் செயற்கூறு மாறியது என்பது அவருக்கு வேண்டாம். ‘மின்தடைக்குப் பின் அமைப்புகள் அழிந்துபோன பிழை நீங்கியது’ என்ற வரியே வேண்டும். பைத்தான் நிரல்மொழித் திட்டத்தில், பயனருக்குத் தெரியக்கூடிய மாற்றத்தைச் செய்பவர் அதற்கான செய்திக் குறிப்பைத் தனிக் கோப்பாக அந்த மாற்றத்துடனேயே சேர்க்கிறார். வெளியீட்டு நாளன்று எல்லாவற்றையும் நினைவுகூர்ந்து எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கமிட் கட்டளையை ‘-வி’ தெரிவோடு இயக்கினால், செய்தி எழுதும் இடத்திலேயே மாற்றப்பட்ட வரிகளும் தோன்றும். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, ‘இது ஏன் இங்கே?’ என்று ஒருவர் கேட்டால் செய்தியில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்போதே எழுதுங்கள். எழுதியபின் நினைவுக்கு வந்தால், ‘அமெண்ட்’ மூலம் கடைசிக் கமிட்டின் செய்தியையும், கமிட்டுகளைத் திரும்ப எழுதும் ஊடாடும் ரீபேஸ் மூலம் அதற்கு முந்தையவற்றையும் திருத்தலாம். எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கமிட்டுகளின் வரிசையான பொதுக் கிளையில் இணைந்தபின் அப்படிச் செய்தால் கமிட்டுகளின் அடையாளங்கள் மாறி, அவற்றின்மேல் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்களின் கிளைகள் குலைந்துவிடும். அந்தக் கட்டத்தில், விடுபட்ட காரணத்தை அந்த வரிக்கு மேலேயே ஒரு குறிப்புரையாக எழுதி, புதிய கமிட்டாக அனுப்புங்கள். எஃப்சிங்க் வரியைத் திரும்பச் சேர்த்தபோது நான் செய்ததும் அதுவே.