நெத்திலியைத் தேர்ந்தெடுத்து, சுத்தம் செய்து, சமைக்கும் முறை

நெத்திலி உடம்புக்கு நல்லது என்று சொல்வோர் பலர். எந்த நெத்திலி என்று கேட்போர் சிலரே. பச்சை நெத்திலி, காயவைத்த நெத்திலிக் கருவாடு, உப்பில் ஊறவைத்துப் பிறகு எண்ணெயில் அடைத்த டப்பா நெத்திலி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்து மீன்கள்தாம் என்றாலும், உணவு என்ற முறையில் அவற்றைத் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும். ஐரோப்பிய நெத்திலியைப் பச்சையாக 100 கிராம் எடுத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 130 கலோரியும், 20 கிராம் புரதமும், 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பும் உள்ளன. அந்தக் கொழுப்பில் இதயத்துக்கு நலம் தரும் ஒமேகா-3 அமிலங்களான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து சுமார் 1.4 கிராம் இருக்கின்றன. அதே மீன் உப்பேறி டப்பாவுக்குள் சென்ற பிறகு, 100 கிராமில் சோடியம் மட்டும் 3,600 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே போதும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுவதோடு இதை ஒப்பிட்டால், அன்றாட உணவுக்குப் பச்சை நெத்திலியே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

வாங்கும்போது முதலில் வயிற்றைப் பாருங்கள். நெத்திலியின் சதை மென்மையானது. பிடிபட்ட சில மணி நேரத்திலேயே குடலில் உள்ள செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரைக் கரைக்கத் தொடங்கும். ஆகவே வயிறு உடைந்து குடல் வெளியே தெரியும் மீன், கண் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பழையதே. தோல் வெள்ளியாய் மின்ன வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். முகர்ந்தால் கடல்நீரின் வாசனைக்கு மேல் எதுவும் வரக்கூடாது. இதில் கண்டிப்பு தேவை, ஏனெனில் குளிர்ச்சியின்றிக் கிடக்கும் நெத்திலியில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. முகம் சிவத்தல், தலைவலி, வாயில் எரிச்சல் ஆகியவற்றை ஏற்படுத்தும் இப்பொருள், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அழியாது. எனவே வாங்கியவுடன் ஐஸில் வைத்து, 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாதுகாத்து, அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது.

சுத்தம் செய்வதற்குக் கத்தி தேவையில்லை. மீனை ஒரு கையில் பிடித்து, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் செவுளுக்குப் பின்னால் கிள்ளி, தலையை வயிற்றுப் பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்தால், தலையோடு குடலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் கருமையை விரல் நுனியால் வழித்து, குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை மெதுவாக அலசினால் போதும். அழுத்தித் தேய்த்தால் சதை கரைந்து போகும். மிகப் பொடியான நெத்திலியாக இருந்தாலும் குடலை நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கடலில் சில வகை நுண்பாசிகள் பெருகும் காலங்களில் அவை உண்டாக்கும் டொமோயிக் அமிலம் என்னும் நஞ்சு, நெத்திலியின் குடலில்தான் பெரும்பாலும் தங்குகிறது. சமைப்பதால் அது நீங்குவதில்லை. 1991-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் பெலிகன் பறவைகள் பல இறந்தது, இந்த நஞ்சு சேர்ந்த நெத்திலியை உண்டதால்தான்.

நடுமுள்ளை எடுக்க வேண்டாம். மற்ற மீன்களில் நாம் ஒதுக்கிவைக்கும் முள்ளை இந்த மீனில் அப்படியே மென்று உண்ண முடிகிறது என்பதே இதன் தனிச்சிறப்பு. பால் பொருள்களை உண்ணாதவர்களுக்கு இப்படிக் கிடைக்கும் கால்சியம் மிகவும் பயனுள்ளது.

சமைக்கும்போது எண்ணெயின் அளவைக் கவனிக்க வேண்டும். சின்னஞ்சிறு மீன் என்பதால், ஒரே எடையுள்ள பெரிய மீன் துண்டைவிட நெத்திலியின் மேற்பரப்பு அதிகம். எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தால் அந்தப் பரப்பு முழுவதும் எண்ணெயை ஏற்றுக்கொள்ளும். மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, நன்கு காய்ந்த தட்டையான சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு ஓரிரு நிமிடம் வறுத்தாலே மொறுமொறுப்பு வந்துவிடும். குழம்பில் சேர்ப்பதானால், குழம்பு முழுவதும் கொதித்து வற்றிய பிறகு கடைசி ஐந்து நிமிடத்தில் மீனைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைச் சற்றே ஆட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்து வேகவைக்காமல் உண்ண விரும்புவோர் ஒன்றை அறிய வேண்டும்: சதை வெளுத்துக் கெட்டியாவதால் மீன் வெந்துவிட்டதாகப் பொருளில்லை, அனிசாகிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழு அந்தப் புளிப்பில் சாவதில்லை. முன்கூட்டியே மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த மீனை மட்டுமே அவ்வாறு உண்ணலாம்.

கருவாட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மணல் போகும்வரை நீரை மாற்றி மாற்றி அலசினால் உப்பும் ஓரளவு இறங்கும். டப்பா நெத்திலியை உணவாகக் கருதாமல் சுவையூட்டியாகக் கையாளுவதே சரி. மாதக்கணக்கில் உப்பில் ஊறும்போது புரதம் சிதைந்து குளுட்டமேட் என்னும் சுவைப்பொருள் வெளிப்படுவதால், இரண்டு துண்டுகளைக் கழுவி, மிதமான சூட்டில் பூண்டோடு எண்ணெயில் கரையவிட்டால் ஒரு பாத்திரம் காய்கறிக்கே ஆழ்ந்த சுவை கிடைக்கும். அந்தச் சமையலில் வேறு உப்பே சேர்க்க வேண்டாம். எண்ணெயில் அடைத்த இவ்வகை டப்பாக்களில் பல முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யப்படாதவை என்பதால், திறந்த பின்பு குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு முறை மீன் உண்ண வேண்டும் என்ற பரிந்துரையை நெத்திலியைக் கொண்டே நிறைவேற்றலாம். மிதவை நுண்ணுயிர்களை உண்டு குறுகிய காலமே வாழ்வதால், பெரிய மீன்களில் சேர்வது போல் இதன் உடலில் பாதரசம் சேர்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்ற மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைச் சேர்த்திருக்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டையும் டப்பா நெத்திலியையும் பெரிதும் குறைத்துக்கொள்ள வேண்டும். கௌட் எனப்படும் யூரிக் அமில மூட்டுவலி உள்ளவர்களுக்கோ பச்சை நெத்திலியும் ஏற்றதன்று. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்னும் பொருள் இதில் மிகுதியாக இருப்பதால், மருத்துவரிடம் கேட்காமல் அவர்கள் இதை உண்ணக்கூடாது.