வீட்டு ஸ்டூடியோவில் எதிரொலி அடங்க

உப்புவெளிப் பக்கம் எங்கள் வீடு. சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை. பாட்டுப் பதிய ஒதுக்கிய அறையில் நின்று ஒருதரம் கைதட்டினால் 'டிர்ர்' என்று சத்தம் சுவருக்குச் சுவர் ஓடும். அப்படியான அறையில் எவ்வளவு நல்ல மைக் வைத்தாலும் குளியலறையில் பாடியது போலத்தான் பதியும்.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். கூரிய ஒலியை மட்டும் கொஞ்சம் மழுக்கும், தீயும் சட்டென்று பிடிக்கும். 10 சென்ரிமீற்றர் தடிப்பான ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிச் செய்வது) பலகையை மரச்சட்டத்தில் வைத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். துணியில் வாய் வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் வரவேண்டும். பொலித்தீன் வேண்டாம். ராக்வுல் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

எங்கே மாட்டுவது? வழமையாகக் கேட்கும் கதிரையில் இருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரோடு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் பலகை மாட்ட முதல் இடம்.

சட்டத்துக்கும் சுவருக்கும் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். தாழ்ந்த ஒலியும் கூடுதலாக அடங்கும், மார்கழி மாரியில் ஊறும் நம் திருகோணமலைச் சுவருக்குக் காற்றும் படும். அப்புறம், தெருவில் போகும் ஆட்டோச் சத்தத்தை இது நிறுத்தாது. அதற்குக் கதவு, யன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும்.