நூலும் அட்டையும் போதும்: வீட்டுத் தரையில் ஒரு தொங்கு பாலம்

நெடுஞ்சாலையையே தூக்கிக்கொண்டு ஆற்றின் மேல் தொங்கு பாலம் எப்படி நிற்கிறது என்று மகள் கேட்டாள். படம் வரைந்து சொன்னேன், எடுபடவில்லை. சரி, செய்தே காட்டலாம் என்று இறங்கினேன். முதல் பாலம் இரண்டே நிமிடத்தில் சரிந்தது.

தப்பு என்னுடையதுதான். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நூலை விறைப்பாகக் கட்டிவிட்டேன். தொய்வு, அதாவது நூல் நடுவில் கீழே இறங்கும் அளவு, கோபுரங்களுக்கு இடையிலான தூரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், நூல் தன் நுனியைப் பிடித்திருக்கும் நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்கும் விசை மொத்தப் பாரத்தில் 1.25 மடங்கு. தொய்வைப் பாதியாகக் குறைத்தால் 2.5 மடங்கு! நங்கூரமாக வைத்த என் புத்தக அடுக்குகள் வழுக்கிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

இரண்டு மீட்டர் தரை வேண்டும். 20 செ.மீ. உயரமுள்ள கனமான மரக்கட்டைகள் இரண்டை 100 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். இவைதான் கோபுரங்கள். ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம் 50 செ.மீ. தள்ளி நங்கூரம்: உங்களிடம் இருப்பதிலேயே கனமான பொருள். ஒரு நங்கூரத்திலிருந்து கோபுரங்களின் மேலாக மறு நங்கூரத்துக்குப் போவதுதான் முக்கிய நூல், தளத்தின் ஓரத்துக்கு ஒன்று. அதைக் கோபுர உச்சியில் முடிச்சுப் போடாதீர்கள், ஒரு பள்ளம் வெட்டி அதில் சும்மா உட்கார வையுங்கள். அப்போதுதான் இரு பக்க இழுப்பும் சமமாகி, கோபுரத்துக்குக் கீழ்நோக்கிய பாரம் மட்டும் போகும். நூலின் நுனியை நங்கூரத்தில் ஒரு பென்சிலில் சுற்றிக் கட்டினால், பிறகு திருகித் திருகித் தளத்தின் உயரத்தைச் சரிசெய்யலாம்.

தளம் 8 செ.மீ. அகல அட்டை. பத்து செ.மீ.க்கு ஒரு தொங்கல் நூல், இரண்டு ஓரத்திலும். தொங்கலின் நீளம் நடுவில் 2 செ.மீ., அங்கிருந்து இருபுறமும் 2.4, 3.6, 5.6, 8.4. இந்த அளவில் வெட்டினால் முக்கிய நூல் பரவளையமாக (parabola) வளையும், தளம் மட்டமாக நிற்கும். ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டே போனால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். இருபுறமும் மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

அப்புறம் மின்விசிறியைப் போடுங்கள். வெறும் அட்டை படபடவென்று முறுக்கிக்கொள்ளும். 1940இல் அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்கு பாலம் திறந்து நாலே மாதத்தில் காற்றில் முறுக்கி உடைந்து விழுந்தது. தளத்தின் ஓரங்களில் பல்குச்சிகளை முக்கோணம் முக்கோணமாக ஒட்டுங்கள். விறைப்பும் வரும், காற்றும் ஊடே போகும்.

முக்கிய நூலுக்குத் தடித்த ஒற்றைக் கயிறு வேண்டாம். தையல் நூல் பத்து இழையை முறுக்கிக்கொள்ளுங்கள். ஹட்சன் ஆற்றின் மேலுள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் நான்கு கேபிள்கள், ஒவ்வொன்றிலும் 26,474 கம்பிகள். ஓஹியோ ஆற்றின் சில்வர் பாலமோ கேபிளுக்குப் பதில் இரும்புச் சட்டங்களைச் சங்கிலியாகக் கோத்துக் கட்டியது. 1967இல் ஒரு சட்டம் முறிந்ததும் பாலம் முழுக்க விழுந்து 46 பேர் இறந்தார்கள்.

மகள் கத்தரிக்கோலால் எங்கள் நூலின் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஏழாவது இழை போன பிறகும் பொம்மைக் கார் தளத்தின் மேலேதான் நின்றது. எட்டாவதை வெட்ட நான் விடவில்லை.